வலது பக்கம் நின்று பேசாதீர்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கமிஷன் மண்டிக்கு நான் கணக்கு எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். கூடை இறங்கும் சத்தம், ஐஸ் அரைக்கும் இயந்திரம், விலை கூவுகிறவர், அவர் வாய் மூடுவதற்குள் எதிர்விலை வைக்கும் வியாபாரிப் பெண்கள், வழி விடச் சொல்லிக் கத்தும் மீன்பாடி வண்டிக்காரர்கள். இதற்கு நடுவில் எந்தக் கூடை, என்ன விலை, யார் பேரில் என்று நோட்டில் ஏற்ற வேண்டும். சில வருடங்களாக இதை ஒரே காதை வைத்துக்கொண்டு செய்கிறேன். வலது காது எனக்கு அறவே கேட்காது.

"அப்படியென்றால் உனக்குப் பாதிதான் கேட்குமா?" என்று விசாரிக்காத உறவினர் இல்லை. பாதி என்பது தப்புக் கணக்கு. மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் எனக்கு ஒரு குறையும் தெரியாது. கூட்டத்துக்குள் போனால் பாதிகூட மிஞ்சாது. ஒற்றைக் காதுக்காரருக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைவிட, எந்த இடத்தில், யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் பெரிய விஷயம். காது மெஷின் வாங்குவதா வேண்டாமா என்ற யோசனையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடை கடையாக ஏறி இறங்கியதில் எனக்குப் புரிந்தது இது. அதற்குள் போவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் ஐஸ் அரைக்கும் இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்து, "இந்நேரத்துக்கு எதற்கு ஓட்டுகிறார்கள்?" என்று கணவரைக் கேட்டேன். அப்படி எதுவும் ஓடவில்லை என்றார். இரைச்சல் என் காதுக்குள்ளேயே இருந்தது. கைப்பேசியை வழக்கம்போல வலது காதில் வைத்தால் பேச்சே இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று இடது காதுக்கு மாற்றினால், மண்டி முதலாளி "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்திக்கொண்டிருக்கிறார். எழுந்து நடந்தபோது சுவர் சாய்ந்தது.

தெருமுனை கிளினிக்கில் காதுக்குள் விளக்கு அடித்துக்கூடப் பார்க்கவில்லை. சளி அடைப்பு என்று சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த மருத்துவர் மீது எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. அந்த ஒரு வாரம்தான் காதைக் காப்பாற்றக்கூடிய வாரம்.

மூன்று நாளுக்குள், வலியும் சீழும் இல்லாமல், ஒரு காது சட்டென்று மங்கிப்போனால் அதை அவசர நோயாகவே மருத்துவம் வைத்திருக்கிறது. உள்காதோ நரம்போ பழுதுபட்டிருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு என்ன காரணம் என்று கடைசிவரை தெரிவதில்லை. சிலருக்குத் தானாகத் திரும்புகிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காமல், முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவதே வழக்கம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மாத்திரைக்கு மசியாவிட்டால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசி போடுகிறார்கள். அதை ஏறத்தாழ ஆறு வாரம் வரை முயன்று பார்க்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால், மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிற மருந்து இல்லை இது.

என் நாத்தனார்தான் என்னைப் பிடிவாதமாக ஸ்டான்லி மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, "எந்தக் காதில் கேட்கிறது?" என்றார். இடது காதில் என்றேன். அவர் முகம் மாறியது. வெறும் அடைப்பாக இருந்தால் சத்தம் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்குமாம். நல்ல காதுக்குப் போனால் நரம்புப் பக்கம் சந்தேகப்பட வேண்டுமாம். இசைக்கவை இல்லாவிட்டாலும் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகினால் ஓரளவு தெரியும். அடைத்த காதில் முனகல் பலமாக ஒலித்தால் அழுக்கோ சளியோ ஆக இருக்கலாம். நல்ல காதில் ஒலித்தால் அன்றைக்கே காது மருத்துவரிடம் ஓடுங்கள். இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. "ஒரு வாரம் பார்க்கலாம்" என்று சொல்கிறவரிடம் எதிர்க்கேள்வி கேட்க உதவும்.

மாத்திரையும் ஊசியும் ஆயின, என் காது திரும்பவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். கேட்கும் நரம்பை ஒட்டி, புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி அரிதாக வளர்வதுண்டு. ஒரு பக்கக் காது மட்டும் போனவர்களுக்கு அது இல்லை என்று உறுதி செய்துகொள்வது முறை. எனக்கு இல்லை. குழந்தைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து ஒரு காது போவதும் உண்டு. வீக்கம் வடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவார்கள்; பிள்ளை வளர்ந்து போனைக் காது மாற்றி வைக்கும்போதுதான் தெரியவரும்.

சரி, ஒரு காது போனால் எது போகிறது? என் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர், ஒரு காகிதத்தில் தலையை வரைந்து காட்டினார். இடது பக்கத்துச் சத்தம் இடது காதை முதலில் தொட்டுவிட்டு, தலையைச் சுற்றி வலது காதுக்குப் போகிறது. அந்தத் தாமதம் அதிகபட்சம் 0.6, 0.7 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் துளி வித்தியாசத்தையும், ஒரு காதில் பலமாகவும் மற்றதில் சன்னமாகவும் விழுவதையும் ஒப்பிட்டு மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. ஒரு காது போனால் ஒப்பிட எதுவும் இல்லை. எனக்கு உலகத்துச் சத்தம் முழுவதும் இடது பக்கத்திலிருந்தே வருகிறது. வீட்டில் போன் மணி அடித்தால் அடுப்படி, பீரோ, தலையணைக்கு அடியில் என்று எங்கும் தேடிவிட்டு, கடைசியில் என் இடுப்பில் செருகியிருக்கும் பையிலிருந்து எடுப்பேன். என் மகளுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

இன்னொன்று தலையே போடும் தடுப்பு. வலது பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால், தடித்த ஒலிகள் தலையைச் சுற்றி வந்து இடது காதில் விழுந்துவிடும். ச, ஸ போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகளைத் தலை மறித்துவிடும். அதனால்தான் யாரோ பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. கத்தினால் தீருமா என்றால் தீராது. கத்தும்போதும் கனத்த ஒலிதான் கூடுகிறது. ஓர் அடி நகர்ந்து எனக்கு முன்னால் வந்தால் போதும்.

ஏலத்தில் இது எப்படி இடிக்கும் என்று சொல்கிறேன். எழுநூறும் எண்ணூறும் இரைச்சலில் ஒரே மாதிரிதான் விழும். முன்பெல்லாம் நடுவில் நின்று எழுதுவேன். இப்போது கூடத்தின் ஓரத்தில், வலது தோள் தூணில் படும்படி நிற்கிறேன். தூண் பக்கம் யாரும் வர முடியாது. விலை கூவுகிற அண்ணன் என் இடது கைப்பக்கம், நான் அவர் வாயைப் பார்க்கும்படி நிற்பார். மூன்றாம் தரம் சொன்னதும் என் பக்கம் திரும்பி விலையை விரலிலும் காட்டிவிடுவார். வாங்கியவர் பேரைச் சொல்லும்போது கையால் ஆளைச் சுட்டுவார். யாரும் எனக்குச் சலுகை செய்யவில்லை. தப்பாக ஒரு பேரில் வஞ்சிரக் கூடையை எழுதிவிட்டால் அதன் சண்டை எல்லோருக்கும்தான் என்று அவர்களுக்குத் தெரியும். வேலையிடத்தில் எதையாவது மாற்றிக் கேட்க வேண்டுமானால், என் காதுக்காக என்று கேட்பதைவிடக் கணக்குக்காக என்று கேட்பது நடக்கும்.

சாலைதான் எனக்குப் பெரிய பயம். எண்ணூர் கடற்கரைச் சாலையில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் அது முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று தெரியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது காதை நம்புவதை விட்டுவிட்டேன். தலையை இரண்டு பக்கமும் திருப்பி, கண்ணால் பார்த்த பிறகுதான் கால் எடுத்து வைக்கிறேன். சத்தமில்லாத மின்சார ஸ்கூட்டர்கள் வந்த பிறகு இரண்டு காதுக்காரர்களும் அப்படித்தான் கடக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போது நல்ல காதில் இயர்போன் கிடையவே கிடையாது. கூட வருகிறவரை இடது பக்கம் விட்டுக்கொள்வேன். ஷேர் ஆட்டோவில் வலது ஓரம், காரில் ஓட்டுநருக்குப் பின் இருக்கை. முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவர் என் செத்த காதுப் பக்கம் வந்துவிடுவார். இடது காது போனவர்களுக்கு அந்த முன் இருக்கைதான் வசதி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தண்டையார்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவிலேயே போகிறேன். அடுத்த நிலையம் எது என்று எழுத்தில் வருகிறது. அறிவிப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கல்யாண மண்டபத்தை நினைத்தால் இன்றும் சலிப்புதான். எதிரொலிக்கும் கூரை, மேளம், அதற்கு மேல் ஒலிபெருக்கி. பந்தியில் வரிசையின் வலது கோடியைப் பிடித்துவிட்டால் சாப்பாடு நிம்மதியாக இறங்கும். நடுவில் மாட்டினால் வலது பக்கத்து அத்தை சொன்னதற்கெல்லாம் சிரித்து வைக்க வேண்டியதுதான். அப்படிச் சிரிப்பதில் ஆபத்து உண்டு. ஒரு முறை ஒருவர் தன் மாமியார் இறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருவில் எனக்குத் "திமிர் பிடித்தவள்" என்று ஒரு பேர் வந்தது. கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போகிறேனாம். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொன்னால் எல்லோரும் கத்த ஆரம்பிக்கிறார்கள். "எனக்கு வலது காது கேட்காது, இந்தப் பக்கம் வாருங்கள்" என்று சொன்னால் சரியாக இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்துவிடுகிறார்கள். முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நான் திரும்பிய பிறகு விஷயத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். 2020இல் ஊரே முகக்கவசம் போட்டபோதுதான் நான் எவ்வளவு தூரம் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

இவ்வளவும் செய்தாலும் மாலைக்குள் தலை கனத்துவிடும். கேட்பதற்கே உழைக்க வேண்டியிருப்பதால் வரும் அசதி இது. வேலை முடிந்து வந்ததும் யாரும் என்னிடம் கொஞ்ச நேரம் பேசுவதில்லை என்று வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காதிரைச்சல் அமைதியில்தான் அதிகம் கத்தும். படுக்கும்போது மின்விசிறிச் சத்தம் இருந்தால் அடங்கிப் போகிறது. நல்ல காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தால் அலாரம் கேட்காது என்பதால் அதிரும் கைக்கடிகாரம் கட்டிக்கொள்கிறேன். இதில் லாபமும் உண்டு. ஆடி மாதம் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி. வீடே விழித்திருக்க, நான் இடது பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவேன்.

இனி மெஷின்.

முதலில் போனது இலவசக் காது பரிசோதனை என்று பலகை வைத்திருந்த ஒரு கடைக்கு. சாலைச் சத்தம் உள்ளே வரும் ஒரு சின்ன அறை. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கும் சில இடங்களில் அழுத்தினேன். "நல்ல செய்தி அம்மா, அறுபது டெசிபெல் சுமாருக்குக் கேட்கிறது, மெஷின் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒன்றை மாட்டிவிட்டார்கள். கரகரவென்று ஏதோ வந்தது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பழகப் பழகச் சரியாகும் என்று முன்பணம் கேட்டார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அங்கே நடந்தது என்ன என்று பிறகு தெரிந்தது. கேட்காத காதில் பலமான சத்தம் கொடுத்தால் அது மண்டையோட்டின் வழியாக நல்ல காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பொத்தானை அழுத்த வைத்தது என் இடது காது. இதைத் தடுக்க, நல்ல காதில் "ஸ்ஸ்" என்று ஓர் இரைச்சலை ஓட விட்டு அதை மறைத்துவிட்டுத்தான் மற்ற காதைச் சோதிக்க வேண்டும். மாஸ்கிங் என்பார்கள். உங்கள் ஆடியோகிராமை, அதாவது காது சோதனை முடிவை வரைந்து தரும் தாளை, எடுத்துப் பாருங்கள். வலது காது சிவப்பு, இடது காது நீலம். சாதாரணமாக வலது காதை வட்டத்தாலும் இடது காதைப் பெருக்கல் குறியாலும் குறிப்பார்கள். மாஸ்கிங் செய்து எடுத்திருந்தால் வலதுக்கு முக்கோணம், இடதுக்குச் சதுரம். ஒரு காது நன்றாக இருந்து மற்றது மோசமாக இருக்கும் தாளில், மோசமான காதுக்கு வெறும் வட்டமோ பெருக்கலோ மட்டும் இருந்தால், மெஷின் பற்றிப் பேசுவதற்கு முன் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். முறையாக எடுத்த என் தாளில் சிவப்பு முக்கோணங்கள் தொண்ணூறு டெசிபெல் கோட்டையும் தாண்டிக் கீழே போய் (தாளில் கீழே போகப் போகக் காது மோசம்), கேட்கவே இல்லை என்பதற்கு அடையாளமாக அம்புக்குறியோடு நிற்கின்றன. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனையிலும் வலது காது ஒரு சொல்லைக்கூடப் பிடிக்கவில்லை.

இந்தச் சொல் சோதனைதான் முக்கியம். கெட்ட காதில் மிச்சம் இருந்து, சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தால் சொல் புரிகிறது என்றால் சாதாரணக் காது மெஷினே போதும். அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. சத்தம் கூடியும் சொல் புரியவில்லை என்றால் எத்தனை விலை உயர்ந்த மெஷினும் அந்தக் காதில் இரைச்சலைத்தான் கூட்டும். எனக்கு மிஞ்சியவை வேறு மூன்று வழிகள்.

முதலாவது கிராஸ் வகை. கேட்காத காதில் ஒரு மைக், கேட்கும் காதில் ஓர் ஏற்பி. வலது பக்கத்துச் சத்தத்தை மைக் பிடித்து, கம்பியில்லாமல் இடது காதுக்கு அனுப்பிவிடும். நல்ல காதும் சற்று மங்கலாக இருப்பவர்களுக்கு அதைக் கூட்டியும் கொடுக்கும் பைகிராஸ் இருக்கிறது. கத்தி கிடையாது, பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் இரண்டு கருவி என்பதால் என்னிடம் சொன்ன விலை ஒரு ஸ்கூட்டர் விலை.

இதை இரவல் வாங்கிச் சில நாள் போட்டுப் பார்த்தேன். வீட்டில் அற்புதம். மகள் வலது பக்கத்திலிருந்து முணுமுணுத்தது எனக்குக் கேட்டு, பதில் சொன்னதும் அவள் திடுக்கிட்டாள். பந்தியில் எந்த இடத்திலும் உட்கார முடிந்தது. துறைமுகத்தில் கதை வேறு. தூண் மறைத்துக்கொண்டிருந்த பக்கத்து இரைச்சலை எல்லாம், ஐஸ் இயந்திரம் உட்பட, அந்த மைக் அள்ளிக்கொண்டு வந்து என் ஒரே நல்ல காதில் கொட்டியது. இரண்டு கூடைக்குள் அணைத்துவிட்டேன். பேசுகிறவர் கெட்ட காதுப் பக்கமும் இரைச்சல் நல்ல காதுப் பக்கமும் இருந்தால் கிராஸ் உதவும். மாறி இருந்தால் கெடுக்கும். திசையையும் அது திருப்பித் தராது. எல்லாம் ஒரே காதில்தானே விழுகிறது.

இரண்டாவது எலும்பு வழிக் கருவி. கேட்காத காதுக்குப் பின்னால் வைத்தால், அதிர்வு மண்டையோட்டின் வழியே மறுபக்க உள்காதுக்குப் போகும். கடையில் என்னை ஏமாற்றிய அதே வழி, இங்கே வேண்டுமென்றே. நிரந்தரமாக வேண்டும் என்பவர்களுக்கு எலும்பில் டைட்டானியம் பதிக்கும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. அதற்கு முன் தலையில் கட்டும் பட்டையில் பொருத்திச் சோதித்துப் பார்க்கலாம். சோதிக்க விடாமல் அறுவைக்கு நாள் குறிக்கும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

மூன்றாவது காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதுக்குள் பதித்து, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி. கேட்காத காதுக்கே ஒலியைத் திருப்பும் வழி இது ஒன்றுதான். ஒற்றைக் காதுக் கேளாமைக்கு இதைப் பொருத்த அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2019இல் அனுமதி தந்தது. திசை அறிவு ஓரளவு திரும்புகிறது, பலருக்குக் காதிரைச்சலும் தணிகிறது. ஆனால் கேட்கும் நரம்பு நன்றாக இருக்க வேண்டும், காது போய் நெடுங்காலம் ஆகியிருந்தால் பலன் குறையும், அறுவைக்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி, செலவு லட்சங்களில். என் வயதுக்கும் வருமானத்துக்கும் இதை ஒதுக்கிவிட்டேன். இரைச்சலால் தூக்கமே போன இளைஞர் யாராவது இருந்தால் அவர் இதைக் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போவதற்கு முன் உங்கள் காது எந்த எந்த இடத்தில் உங்களைக் கைவிடுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். என் பட்டியல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: ஏலம், பந்தி, பள்ளியில் ஆசிரியருடன் சந்திப்பு, இரவில் மகள் அழைப்பது. கருவியை அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் எந்த மெஷினும் நன்றாகத்தான் பேசும். சோதிப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்த ஆடியாலஜிஸ்ட்தானா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வாங்க வேண்டாம். பிடிக்காவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் வேண்டும். ரசீதில் இரண்டு கருவியின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வரி என்று தனியாக ஏற்றினால் விசாரியுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. உப்புக் காற்றும் வியர்வையும் மைக்கைச் சீக்கிரம் கெடுக்கும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட உலர் டப்பாவில் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தொட்டால் மைக் துளை அடைத்துக்கொள்ளும் என்று எச்சரித்தார்கள். என் கூந்தலுக்கு இது ஒரு சோதனை. பொத்தான் பேட்டரி போடும் வகையானால், ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்துக் காற்றுப்பட ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். அந்தத் தாளை மறுபடி ஒட்டினாலும் பேட்டரி தீர்வது நிற்காது.

அரசு உதவி கிடைக்குமா என்று கேட்டுப் போனேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, காது கேளாதவர் என்பதற்கு இரண்டு காதிலும் 70 டெசிபெல் இழப்பு என்கிறது. கேட்பதில் சிரமம் உள்ளவர் என்பதற்கு இரண்டு காதிலும் 60 முதல் 70. ஒற்றைக் காதுக்காரருக்கு அதில் இடமில்லை. ஊருக்கு நான் செவிடு, சட்டத்துக்கு நான் நல்ல காதுக்காரி. இரண்டு காதும் போனவர்களோடு ஒப்பிட்டால் என் குறை சிறியதுதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கருவிக்குப் பாதி மானியமாவது தரலாம் என்பது என் கட்சி.

மிச்சமிருக்கும் காதை நான் பார்த்துக்கொள்வது பற்றி வீட்டில் கேலி செய்வார்கள். தீபாவளிக்கு வெடிச் சத்தம் தொடங்கினால் உள்ளறைக்குப் போய்விடுவேன். சாவு ஊர்வலத்தில் பறையும் வெடியும் வந்தால் சந்துக்குள் ஒதுங்கி நின்று, போன பிறகு வருவேன். குச்சி, ஹேர்பின், சூடான எண்ணெய் எதுவும் அந்தக் காதுக்குள் போவதில்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே "எனக்கு ஒரு காதுதான்" என்பதுதான், ஏனென்றால் ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் காதைப் பாதிக்கும். வருடத்துக்கு ஒரு முறை ஆடியோகிராம் எடுக்கிறேன். அந்தக் காதில் சின்ன அடைப்பு வந்தாலும் அன்றைக்கே ஸ்டான்லி.

இப்போதைக்குக் கிராஸ் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காக மட்டும் அவ்வளவு பணம் போட மனம் வரவில்லை. அடுத்து எலும்பு வழிக் கருவியைப் பட்டையில் கட்டிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது நிதானமாகச் சோதிக்கலாமே என்கிறார் கணவர். ஏலம் சூடுபிடிக்காத நாளில் சோதித்து என்ன பயன்? தடைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரியும் ஏலத்தில் கட்டிக்கொண்டு நிற்கப் பட்டையை இரவல் கேட்டிருக்கிறேன். ஆடியாலஜிஸ்ட் ஒப்புக்கொண்டுவிட்டார். மீன் தண்ணீர் பட்டால் யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுத்தில் கேட்டிருக்கிறார்.